மாசியிலேயே வெயிலுக்குப் பழகணும்: மூத்த உழவர்களுக்கான கோடைப் பாடம்

மிளகாய் நாற்று விட்டவர்களுக்கு இது தெரியும். நிழல்வலைக்குள் வளர்ந்த நாற்றை அப்படியே பிடுங்கிக் கரிசலில் நட்டால் அன்றைக்கு மத்தியானமே தலை தொங்கிவிடும். அதனால் நடவுக்கு ஒரு வாரம், பத்து நாளைக்கு முன்பே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம். வலையை முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என்று விலக்கி வைக்கிறோம். தண்டு கெட்டிப்படுகிறது. பிறகு நட்டால் வெயிலைத் தாங்கி வேர் பிடிக்கிறது.

நாற்றுக்கு இவ்வளவு பக்குவம் பார்க்கிற நாம், அந்த நாற்றை நடுகிற அறுபது, எழுபது வயது உடம்புக்கு இதைப் பார்ப்பதில்லை. மனித உடம்பும் வெயிலுக்குப் பழகும். பழகுவதற்கு இரண்டு வாரம் வேணும். வயதானவர்களுக்கு இன்னும் ஒரு வாரம் கூட வேணும். ஆகவே சித்திரை வெயிலுக்கு உடம்பைத் தயார் செய்கிற வேலை சித்திரையில் ஆரம்பிப்பது இல்லை, மாசிக் கடைசியிலேயே ஆரம்பிக்கணும். இந்தப் பாடத்தின் சாரம் அவ்வளவுதான். ஏன், எப்படி என்பதைக் கீழே பார்ப்போம்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

நம் இயக்கக் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். பாதிக்கு மேல் நரைத்த தலை. பிள்ளைகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். காட்டைப் பார்ப்பது அப்பாவும் அம்மாவும்தான்.

சங்கரன்கோவில் வட்டாரத்து மானாவாரிக் கரிசலின் கணக்கும் இதில் சேர்கிறது. புரட்டாசி, ஐப்பசியில் உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி என்று விதைக்கிறோம். தை, மாசியில் பெரும்பாலும் அறுவடை முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் காட்டில் பெரிய வேலை கிடையாது. வேப்பமரத்தடி, திண்ணை, கல்யாண வீடு, கோயில் கொடை என்று நிழலிலேயே நாள் ஓடும். சித்திரையில் திடீரென்று ஒரு கோடை மழை இறங்கும். மறுநாளே எல்லோரும் காட்டில் நிற்போம். சித்திரை உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் ஆயிற்றே. ஆபத்தான நாள் அதுதான். நிலம் தயாராக இருக்கும், ஆனால் ஒன்றரை மாதம் நிழலில் கிடந்த உடம்பு தயாராக இருக்காது.

இன்னொன்று. இயற்கை விவசாயத்தில் களைக்கொல்லி இல்லை. களையைக் கையால் எடுக்கணும். மூடாக்குக்கு இலைதழை சுமக்கணும், ஜீவாமிர்தம் ஊற்றணும், உயிர்வேலியைக் கழிக்கணும். ரசாயனத்தில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு நாம் நான்கு மணி நேரம் வெயிலில் நிற்கிறோம். மண்ணுக்கு நல்லது செய்கிறவர்கள் தங்கள் உடம்பையும் அதே அக்கறையோடு பார்த்தால்தான் இது நீடிக்கும்.

உடம்பு எப்படிப் பழகுகிறது?

உடம்பைக் குளிரவைக்கிற ஏற்பாடு மண்பானையின் ஏற்பாடுதான். பானையின் நுண்ணிய துளைகள் வழியே தண்ணீர் கசிந்து, காற்றில் ஆவியாகி, உள்ளே இருக்கிற தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வியர்வையும் அப்படியே. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். ஆவியாகாமல் சொட்டிப் போகிற வியர்வையால் பலன் கிடையாது. அதனால்தான் கடலோரப் புழுக்கத்தில் வியர்த்துக் கொட்டியும் உடம்பு ஆறமாட்டேன் என்கிறது. நம் பக்கம் காய்ந்த காற்று என்பதால் வியர்வை உடனே உலர்ந்துவிடும். உடம்பு ஆறுவதற்கு அது நல்லது. ஆனால் எவ்வளவு தண்ணீர் போயிற்று என்பது கண்ணுக்கே தெரியாது.

தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் வேலை செய்து வியர்க்க ஆரம்பித்தால் உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது. முதல் நாலைந்து நாளில் ரத்தத்தில் நீரின் அளவு கூடுகிறது. அதனால் அதே வேலைக்கு இதயம் முன்பு போலப் படபடக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு மேல் போனால் வியர்வை சீக்கிரமே ஆரம்பிக்கிறது, அளவும் கூடுகிறது. அதே நேரம் வியர்வையோடு போகிற உப்பு குறைகிறது. இதை நீங்களே பார்க்கலாம். கோடையின் முதல் வாரத்தில் சட்டை முதுகில் வெள்ளையாக உப்புப் பூக்கும். ஒழுங்காகப் பழகி வந்தால் பத்துப் பதினைந்து நாளில் அந்தப் பூப்பு குறையும்.

இதைப் பாடம் படித்தவர்கள் உயிரைக் கொடுத்துத்தான் படித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் ஆழமான தங்கச் சுரங்கங்களில் புதிதாக இறங்கிய ஆட்கள் வெக்கையில் சுருண்டு விழுந்து செத்தார்கள். அதற்குப் பிறகு 1930-களிலேயே, புது ஆட்களை நேராக அடியில் இறக்காமல், சூடான இடத்தில் நாளுக்கு நாள் வேலையைக் கூட்டிப் பழக்கிய பிறகே இறக்கினார்கள். இன்றைக்கு அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை சொல்கிற விதியும் அதுதான். வெக்கையான வேலைக்குப் புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் வேலை. அடுத்த ஒவ்வொரு நாளும் இன்னொரு பங்கு கூட்டணும். வெட்டவெளி வேலையில் வெக்கையால் நேர்கிற சாவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முதல் சில நாட்களிலேயே நடக்கின்றன என்பதுதான் அந்த விதிக்குக் காரணம்.

வயதானால் என்ன மாறுகிறது?

பழைய பானையில் துளைகள் உப்புப் படிந்து அடைத்துப் போனால் தண்ணீர் அவ்வளவாகக் குளிராது. வயதான உடம்பும் ஏறக்குறைய அப்படித்தான். வியர்வை தாமதமாக வருகிறது, குறைவாக வருகிறது. சூட்டைத் தோலுக்குக் கொண்டுவருகிற ரத்த ஓட்டமும் குறைகிறது. வாலிப உடம்பின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர் என்றால், முதுமையில் அது 50 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்கிற திறமையும் மட்டுப்படும்.

இவை எல்லாவற்றையும் விட மோசமானது ஒன்று உண்டு. தாகம் தெரியாது. உடம்பில் தண்ணீர் குறைந்த பிறகும் வயதானவர்களுக்குத் தண்ணி தவிக்காது. "தண்ணி குடிங்க அண்ணாச்சி" என்றால், "தவிச்சா குடிக்க மாட்டேனாவே?" என்று பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே தவிக்கவில்லை. மணி அடிக்காத கடிகாரத்தை நம்பி ரயிலுக்குக் கிளம்புகிற மாதிரிதான் இது. நேரத்தைப் பார்த்துக் குடிக்கணுமே தவிர, தாகத்தைப் பார்த்து இல்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. எழுபது வயதிலும் உடம்பு வெயிலுக்குப் பழகும். இளவட்டங்களை விட மெதுவாக, கொஞ்சம் குறைவாகப் பழகும். தினமும் நடக்கிற, வேலை செய்கிற பெரியவர்களுக்கு இது நன்றாகவே கைகூடும்.

"நாங்க பாக்காத வெயிலா?"

இந்தக் கேள்வியை எல்லா ஊரிலும் கேட்கலாம். ஐம்பது வருஷம் காட்டில் கிடந்தவர் அப்படிக் கேட்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஆனால் வெயில் பழக்கம் நிரந்தர வைப்பு நிதி இல்லை. நான் வங்கியில் வேலை பார்த்தவன், அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். இது போட்டதை எடுத்துக்கொண்டே இருக்கிற நடப்புக் கணக்கு மாதிரி. ஒரு வாரம் வெயில் படாமல் இருந்தால் கொஞ்சம் குறையும். ஒரு மாதம் நிழலில் இருந்தால் இருப்பு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிடும். போன வருஷக் கோடை இந்த வருஷத்துக்கு உதவாது. ஒவ்வொரு மாசியிலும் புதிதாகத்தான் கணக்கைத் தொடங்கணும்.

அலட்சியத்தின் விலை என்ன என்பதற்கு அகமதாபாத் சாட்சி. அதுவும் வெயிலுக்குப் பேர்போன ஊர்தான். 2010 மே மாதம் அங்கே வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில், வழக்கமான மே மாதக் கணக்கை விட 1,344 பேர் கூடுதலாகச் செத்தார்கள் என்று பிறகு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகுதான் 2013-இல் அந்த நகரம் ஒரு வெப்பச் செயல்திட்டம் தீட்டியது.

கவனியுங்கள், அந்தக் கணக்கு மொத்தச் சாவு எண்ணிக்கையைப் பழைய வருஷங்களோடு ஒப்பிட்டுத்தான் வெளியே வந்தது. வெயிலில் சாகிறவர்கள் எல்லோரும் வெயிலில் செத்ததாக எழுதப்படுவதில்லை. நம் ஊரிலும் சித்திரை, வைகாசியில் ஒரு பெரியவர் போய்விட்டால் "நெஞ்சடைப்பு" என்போம், "வயசாயிருச்சுல்லா" என்போம். வெயிலின் பெயர் அதில் வராது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவித்தது. நிவாரணம் நல்லதுதான். ஆனால் அந்தப் பணம் யார் வீட்டுக்கும் வரவேண்டிய தேவை இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

மூன்று வாரப் பழக்கம்

ஆரம்பிக்கும் முன் ஒரு நிபந்தனை. இதய நோய், சிறுநீரக நோய், பக்கவாதம் வந்தவர்கள், அடிக்கடி மயக்கம் வருகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அவர்களுக்கு நிழலும் காற்றும் தண்ணீரும்தான் மருந்து. காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கிற நாளில் யாருமே வெயிலுக்குப் போகக்கூடாது.

முதல் வாரம், மாசிக் கடைசி. காலை எட்டரை, ஒன்பது மணி வெயிலில் 15 முதல் 20 நிமிடம். வரப்பில் நடப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது மாதிரி லேசான வேலை போதும். மெலிதாக வியர்க்கணும். பேசிக்கொண்டே செய்ய முடியணும். பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

இரண்டாம் வாரம். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஐந்து அல்லது பத்து நிமிடம் கூட்டுங்கள். வார முடிவில் 40 நிமிடம் வந்தால் போதும். களைக்கொத்து, மூடாக்குப் பரப்புவது மாதிரி வேலையைச் சேர்க்கலாம். நடுவில் ஒருமுறை நிழலில் உட்காரணும்.

மூன்றாம் வாரம், பங்குனி முதல் பாதி. ஒரு மணி நேரம் வரை போகலாம், பத்தரை மணிக்குள் முடித்துக்கொள்ளணும். அதற்குப் பிறகு கோடை முடிகிற வரை தினமுமோ, ஒன்றுவிட்ட ஒரு நாளோ இதை விடாமல் தொடரணும். விட்டால் இருப்பு கரையும்.

பழகுகிறதா என்று எப்படித் தெரியும்? நாடியைப் பாருங்கள். முதல் நாள் வேலை முடித்து நிழலில் உட்கார்ந்ததும், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணி எழுதி வையுங்கள். பத்தாவது நாள் அதே வேலை, அதே நேரம் செய்துவிட்டு எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் உடம்பு பழகுகிறது. கூடிக்கொண்டே போனாலோ, வேலை முடித்துப் பத்து நிமிடம் ஆகியும் படபடப்பு அடங்காவிட்டாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மல்லி, பிச்சித் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த அட்டவணை தனியாகத் தேவைப்படாது. விடியக்காலம் பூ எடுக்க ஆரம்பித்து வெயில் ஏற ஏற வேலை செய்து பழகியிருப்பார்கள். சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் பூ போடுகிற வீடுகளின் ஆச்சிகளைப் பார்த்தால் தெரியும். இடைவெளி விட்டுவிட்டுக் காட்டுக்கு வருகிறவர்கள்தான் கவனமாக இருக்கணும்.

பழக்கம் ஒரு துணைதானே தவிர கவசம் இல்லை. பழகிய உடம்பும் உச்சி வெயிலில் நிற்கக்கூடாது. மே 4-ஐ ஒட்டித் தொடங்குகிற அக்னி நட்சத்திர நாட்களில் காலை பத்தரைக்குள் வேலையை முடியுங்கள், மிச்சத்தைச் சாயங்காலம் நாலரைக்கு மேல் பாருங்கள். வானிலை நிலையம் சொல்கிற 40 டிகிரி என்பது நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் அளந்தது. கரிசல் காட்டின் நடுவே உங்கள் முதுகில் விழுகிற சூடு அதை விடக் கூடுதல்.

தண்ணீரும் உப்பும் ஆகாரமும்

வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு டம்ளர். வேலையின்போது இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். முடித்த பிறகு மறுபடியும். தாகத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இதயத் தளர்ச்சி, சிறுநீரகக் கோளாறு காரணமாக மருத்துவர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுதான் உங்களுக்குச் சட்டம். அப்படிப்பட்டவர்கள் வெயிலில் வேலையைக் குறைத்துக்கொள்வதே சரி.

எவ்வளவு போயிற்று என்று தெரிய மூட்டை நிறுக்கிற மிஷின் போதும். வேலைக்கு முன்னும் பின்னும் ஏறி நில்லுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.2 கிலோவுக்கு மேல் குறையவே கூடாது. மிஷின் இல்லாதவர்கள் சிறுநீரைப் பாருங்கள். இளமஞ்சள் என்றால் சரி. கடுத்து மஞ்சளாக, கொஞ்சமாகப் போனால் தண்ணீர் போதவில்லை.

நம் வீட்டு ஆகாரம் இதற்கென்றே அமைந்தது. காலையில் நீராகாரத்தோடு பழையது, சின்ன வெங்காயம். பத்து மணிக்கு உப்புப் போட்ட நீர்மோர். கம்பங்கூழ், சோளக்கஞ்சி, குதிரைவாலிக் கஞ்சி. புளியங்குடி எலுமிச்சை பக்கத்திலேயே கிடைக்கிறது, சாறு பிழிந்து உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கலாம். வெள்ளரி, நுங்கு, தர்பூசணி எல்லாம் நல்லவை.

ஆனால் இயற்கை என்பதாலேயே எல்லாம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. பதநீரில் சர்க்கரை நிறைய, நீரிழிவுக்காரர்கள் அளவோடு நிறுத்தணும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரை எடுக்கிறவர்களும் மருத்துவரைக் கேட்டுத்தான் குடிக்கணும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வெயில் என்று சொல்லி உப்பை அள்ளிப் போடக்கூடாது. அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. உப்பே இல்லாமல் வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து குழப்பமும் மயக்கமும் வரும்.

ரொம்ப வியர்த்த நாளில் மருந்துக்கடை உப்புசர்க்கரைக் கரைசல் பொட்டலம் நல்லது. அது கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு, தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக்கூடாது.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. காட்டில் ஒதுங்க இடம் இல்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை பார்க்கிற ஆச்சிகள் ஏராளம். உப்பளத் தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் நடத்திய ஆய்வில், வெக்கையும் நீரிழப்பும் சிறுநீர்க் கோளாறும் ஒன்றாகவே தென்பட்டன. நம் தோட்டத்தின் மூலையில் நாலு தென்னங்கிடுகு வைத்து ஒரு மறைப்புக் கட்டுவதற்கு என்ன செலவாகிவிடும்? அது அவர்களைத் தண்ணீர் குடிக்க வைக்கும்.

மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

கோடைக்கு முன் மருத்துவரிடம் ஒருமுறை எல்லா மாத்திரையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். "தண்ணி மாத்திரை" என்று நாம் சொல்கிற சிறுநீர் பெருக்கிகள் உடம்பில் தண்ணீரைக் குறைக்கும். இதயத் துடிப்பை மட்டுப்படுத்துகிற மாத்திரைகள் வெக்கைக்கு ஏற்ப இதயம் வேகமெடுப்பதைத் தடுக்கும். சளி, அரிப்புக்கான சில மாத்திரைகளும், மனநலத்துக்கான சில மாத்திரைகளும் வியர்வையைக் குறைக்கும். நாமாக எதையும் நிறுத்தக்கூடாது. "வெயிலில் வேலை பார்க்கிறேன், அளவு சரியா?" என்று கேட்டால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் குளிர்பெட்டி இல்லையென்றால், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் உலர்வாக வைக்கலாம்.

இரவில்தான் கடன் அடைகிறது

பகலில் உடம்பு வாங்குகிற சூட்டுக் கடனை இரவில்தான் திருப்பிக் கட்டுகிறது. இரவும் வெந்துகொண்டே இருந்தால் கடன் மறுநாளைக்குப் போகும், வட்டியும் ஏறும். வயதானவர்கள் பலர் வெயிலுக்கே போகாமல், தகரக் கூரைக்குக் கீழேயும் காங்கிரீட் தளத்துக்குக் கீழேயும் நாலைந்து நாளில் தளர்ந்து விழுவது இதனால்தான்.

பங்குனிக்குள் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும், உள்ளே சில டிகிரி குறையும். தகரக் கொட்டகை என்றால் மேலே தென்னங்கிடுகோ பனையோலையோ பரப்புங்கள். மண்ணுக்கு மூடாக்கு எப்படியோ கூரைக்கும் அப்படியே. பகலில் ஜன்னலை அடைத்து, இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது மின்விசிறி மட்டும் ஓடினால் அது சூட்டைத்தான் உடம்பில் வீசும். அப்போது ஈரத்துண்டால் கை, கால், கழுத்தைத் துடைத்துவிட்டு விசிறி போட்டால் குளிரும்.

போய்வந்தவர்களுக்கும் தனியாக இருப்பவர்களுக்கும்

பிள்ளைகள் வீட்டுக்குப் போய், குளிர்சாதன அறையில் ஒரு மாதம் இருந்துவிட்டுக் கோயில் கொடைக்கு ஊர் திரும்புகிற பெரியவர்கள் இறங்கிய மறுநாளே காட்டுக்குப் போக வேண்டாம். பழைய பழக்கம் திரும்ப வருவதற்குப் புதுப் பழக்கத்தை விடக் குறைந்த நாள் போதும், என்றாலும் நாலைந்து நாளாவது பாதி வேலையோடு நிறுத்துங்கள்.

கோடையில் தனியாக வேலைக்குப் போகக்கூடாது. வெளிர்நிறப் பருத்தி முழுக்கைச் சட்டை, தலையில் நனைத்த துண்டு, கூப்பிடு தூரத்தில் ஒரு ஆள். நம் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் வேலைத்தளத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வைக்கச் சொன்னது. அரசாங்கத்திடம் நாம் கேட்ட அந்த மூன்றும் நம் வரப்பிலும் இருக்கணும்.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் சில நாள் வெக்கையில் 700-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியாக வாழ்ந்தவர்கள். கதவைத் தட்டிப் பார்க்க ஆள் இல்லாததுதான் அவர்களில் பலரைக் கொன்றது. நம் கிராமங்களிலும் இன்று பூட்டிய வீடுகளுக்கு நடுவே ஒற்றை ஆளாக வாழ்கிற தாத்தாக்களும் ஆச்சிகளும் இருக்கிறார்கள்.

ஆபத்து வந்தால்

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கெண்டைக்கால் பிடித்து இழுப்பது இவை முதல் எச்சரிக்கை. உடனே வேலையை நிறுத்தி, நிழலில் படுத்து, துணியைத் தளர்த்தி, கரைசல் குடிக்கணும். அரை மணியில் தெளியாவிட்டால் மருத்துவமனைக்குப் போகணும்.

பேச்சு குழறுவது, ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, தள்ளாடுவது, உடம்பு நெருப்பாகக் கொதிப்பது, மயங்கி விழுவது இவை வெப்பத்தாக்கு. வயதானவர்களுக்கு வியர்வையே இல்லாமல் தோல் வறண்டும் இருக்கலாம். "குடிச்சிருக்காரு போல" என்று விட்டுவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் நிழலுக்குத் தூக்கிப் போய், பம்புசெட் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, புரையேறும். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. முதல் அரை மணி நேரத்தில் உடம்பைக் குளிரவைப்பதுதான் உயிரைக் காக்கும்.

இந்த மாதக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

மாசிக் கூட்டத்தில் விதைப் பட்டியல் போடுவதோடு இன்னொரு பட்டியலும் போடுங்கள். உங்கள் ஊரில் அறுபதைத் தாண்டி இன்னும் காட்டுக்குப் போகிறவர்கள் யார் யார், அவர்களில் தனியாக இருப்பவர்கள் யார், யார் என்ன மாத்திரை எடுக்கிறார்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பங்குனி முதல் ஆவணி வரை காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை அவர் எட்டிப் பார்த்தால் போதும். "தாத்தா, தண்ணி குடிச்சீகளா?" என்று கேட்டுவிட்டு, பதிலை மட்டும் நம்பாமல் செம்பையும் எட்டிப் பாருங்கள். காலையில் நிறைத்து வைத்த செம்பு மத்தியானமும் அப்படியே இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் குடிக்க வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.